மருந்தேற்றம்

சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒரு புதன்கிழமை முற்பகல், திண்டிவனத்தில் என் வீட்டு முன்னறையில் இது நிகழ்ந்தது. கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுத்தில் பிழை காண்பது என் தொழிலாக இருந்தது. தொழில் போன பின்பும் பழக்கம் போகவில்லை. அன்று நான் திருத்திய ஒரு சொற்றொடரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்லவேண்டும். தொடர்வண்டி நிலையத்துக்குப் போகும் சாலையில் ஓர் அம்மையார் தட்டச்சும் ஒளிப்படியும் செய்து தரும் கடை வைத்திருக்கிறார். பெங்களூரில் கணினிப் பணி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். என் கட்டுரைகளைத் தட்டச்சிடக் கொடுக்கச் சென்ற நாளில் அவர் மேசைமேல் இருபது முகம் கொண்ட பகடை ஒன்று கிடந்தது. என்னவென்று கேட்டேன். ஒருவர் கதையை நடத்துவாராம். மற்றவர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, தாம் செய்வதை வாயால் சொல்வராம். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யுமாம். முழுக்க முழுக்கச் சொல்லாலேயே ஆடப்படும் ஆட்டம் என்றதும் எனக்கு ஆசை பிறந்துவிட்டது.

ஞாயிறுதோறும் பிற்பகலில் கடையின் மாடியில் கூடினோம். கதையை நடத்தும் அந்த அம்மையார், நான், இன்னும் இருவர். ஒருவர் விழுப்புரத்தில் மருந்துக்கடையில் பணிபுரிபவர். தொடர்வண்டியில் வந்து போவார். மற்றவர் ஒலக்கூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தம் நிலத்தில் தர்ப்பூசணி பயிரிடுபவர். நாற்பது வயதைக் கடந்தவர். அவரை நாங்கள் ஒலக்கூர்க்காரர் என்றே அழைத்தோம்.

விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தது. பேச்சிலும் பாதி ஆங்கிலம். நான் ஆடுவதாயின் அத்தனை சொல்லுக்கும் தமிழ் வேண்டும் என்று நிபந்தனை விதித்து, ஒரு குறிப்பேட்டில் சொற்பட்டியல் எழுதலானேன். கதையை நடத்துபவருக்கு ‘நடத்துநர்’ என்று பெயரிட்டேன். அன்று மாலைவரை மற்ற இருவரும் அந்த அம்மையாரிடம் “ஒலக்கூர் ஒண்ணு, விழுப்புரம் ஒண்ணு” என்று பயணச்சீட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தனர். குப்பிகளில் நீர்மங்களைக் கலந்து ஆற்றல் பெறும் வகுப்பாருக்குக் ‘கலவையாளர்’ என்று வைத்தேன். “சித்தாள் வேலைங்களா ஐயா?” என்றார் ஒலக்கூர்க்காரர்.

எள்ளி நகைத்தாலும் என் சொற்களை மிகுதியும் விரும்பியவர் அவரே. கைப்பேசியில் காணொளி பார்த்துத் தாமாகவே ஆட்டத்தைக் கற்றவர். ஆனால் ஆங்கிலச் சொல் வரும் இடங்களில் வாய் திறக்கக் கூசுவார். பட்டியல் வந்தபின் அவரைப்போல் பேசியவர் எவருமில்லை. தம் மாந்தர் வெட்டுப்பட்டால் உண்மையாகவே முனகுவார். அஞ்சினால் குரல் நடுங்கும். மயங்கினால் நாக்குக் குழறும். அடுத்த அறையில் கேட்பவர் மெய்யென்று நம்பிவிடுவர்.

அவ்வாட்டத்தில் குப்பியில் அடைத்த நீர்மம் ஒன்று உண்டு. அருந்தினால் புண் ஆறும், வலிமை கூடும். எல்லாரும் அதைப் ‘போஷன்’ என்றனர். நான் ‘மருந்து’ என்று எழுதினேன். நடத்துநர் தயங்கினார்.

“ஐயா, மருந்துன்னா நம்ம பக்கத்துல வேற மாதிரி கேக்குங்க. மருந்து குடிச்சிட்டான்னா இன்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். பயிருக்குத் தெளிக்கும் நஞ்சுக்கு இப்பகுதியில் அதுவே பெயர். நஞ்சுண்டு மாய்ந்தவரைப் பற்றி ஊரார் சொல்வதும் அப்படித்தான். ஆயினும் அதைப் பேச்சுவழக்கின் மயக்கம் என்று ஒதுக்கினேன். உயிர் காக்கும் ஒரு சொல்லை நஞ்சுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாம் கடன் சொல்லோடு நிற்பதா என்று வினவினேன். அவர் மேற்கொண்டு வாதிடவில்லை. என் முதுமைக்குக் கொடுத்த மதிப்பு அது. அன்று அவர் என்னை மதிக்காதிருந்திருக்கலாம்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வழக்கு எழுந்தது. மருந்தையே நம்பிப் போரிடும் மாந்தரை உருவாக்குவதாயின் எந்த வகுப்புச் சிறந்தது? மருந்துக்கடைக்காரர் கலவையாளரின் பக்கம் நின்றார்: அவர் தம் மருந்தைத் தாமே ஆக்கிக்கொள்வார், மற்றவர் ஒரு குப்பி பெறும் நேரத்தில் இரண்டு பெறுவார், உடல் மெலிந்ததாயினும் அளவறிந்து அருந்துபவர். நான் கள்வரைச் சொன்னேன். அவர் கை விரைவுடையது. பிறர் குப்பியைத் திறக்கும் நேரத்தில் அவர் அருந்தி, வாளையும் வீசிவிடுவார். ஒலக்கூர்க்காரர் இரண்டையும் மறுத்தார். படைஞர்தான் என்றார். விதிப்படி, ஓய்வு கொள்ளாமல் மூன்று மருந்துக்குமேல் அருந்தினால் நஞ்சாகும். பகடை தவறினால் பார்வை மங்கும், கை நடுங்கும், மனம் பேதலிக்கும். அதற்கு நான் ‘மருந்தேற்றம்’ என்று பெயர் வைத்திருந்தேன். படைஞருக்குத் தாங்குதிறன் மிகுதி. ஆகவே நான்கென்ன, ஐந்தும் அருந்தலாம் என்பது அவர் வாதம்.

“தாங்கறது வேற, தங்கறது வேற,” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஒடம்பு தாங்கிக்கினுதான் இருக்கும். உள்ள அது தங்கிக்கினே இருக்கும். ஒருநாள்தான் தெரியும்.”

“இருவது வருசமா நான் மருந்துலதாங்க நிக்கறேன்,” என்றார் ஒலக்கூர்க்காரர், தம் மார்பைத் தட்டிக்கொண்டு. “எனக்கு இன்னா ஆயிடுச்சி?”

நாங்கள் சிரித்தோம். ஒரே சொல்லில் இரண்டு பொருள் அமைந்தது எனக்கு நயமாகக்கூடத் தோன்றியது.

வழக்கைப் போரால் தீர்ப்பதென்று முடிவாயிற்று. படைஞரும் கலவையாளரும் மோதவேண்டும். ஒரே ஞாயிறில் முடியாததால் வார நாள்களில் கைப்பேசிக் குழுவில் தொடர்ந்தோம். அவரவர் முறை வரும்போது குரற்செய்தியோ எழுத்தோ அனுப்பலாம். செவ்வாய் மாலையில் ஒலக்கூர்க்காரர் எழுதியிருந்தார்: “மூணு மருந்து குடிச்சிட்டேன். நாளைக்கி நாலாவதும் குடிக்கப் போறேன். வர்றது வரட்டும்.”

மறுநாள் முற்பகல் பத்து மணி பன்னிரண்டு மணித்துளிக்கு அவருடைய குரற்செய்தி வந்தது. குழறலாக, இடைவெளி விட்டு விட்டு, இவ்வளவுதான்:

“மருந்து ஏறிக்கிச்சி... கண்ணு இருட்டிக்கினு வருது... கையி நிக்கல... யார்னா வாங்க.”

மிகச் சிறப்பாக நடிக்கிறார் என்று எண்ணினேன். மருந்துக்கடைக்காரர் உடனே சிரிக்கும் முகங்கள் மூன்றைச் சேர்த்து, “அப்பவே சொன்னேன்ல” என்று ஒரே செய்தியாக அனுப்பினார். நடத்துநர், பகடையை உருட்டி எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டார். நான் என்ன செய்தேன் என்பதும் என் கைப்பேசியில் இன்றும் இருக்கிறது. பத்து மணி பத்தொன்பதுக்கு நான் எழுதியது: “‘ஏறிக்கிச்சி’ அன்று. ‘மருந்தேற்றம் உற்றேன்’ என்க.” அந்த ஒரு வரியைப் பிழையின்றி உள்ளிட எனக்கு ஏழு மணித்துளிகள் ஆகியிருக்கின்றன.

மறுமொழி வரவில்லை. ‘கண்ணு’ என்றாரா ‘கண்’ என்றாரா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தச் செய்தியை மீண்டும் உரக்க ஒலிக்கவிட்டேன். என் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் அப்போது கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவர். பாதி நாள் என் வீட்டிலும், பாதி நாள் பிறர் நிலத்தில் களையெடுப்பிலும் உழைப்பவர். துடைப்பம் நின்றது.

“யாருங்க ஐயா அது?”

ஆட்டத்தில் வரும் நண்பர், நடிக்கிறார் என்றேன்.

“இன்னொரு தபா போடுங்க.” போட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “வெளாட்டுன்றீங்க. பின்னாடி மிசினு ஓடுதே, கேக்கல? மருந்து அடிக்கிற மிசினுங்க அது. எங்கண்ணன் இப்டித்தான் கொழறிக்கினு வந்து வரப்புல வுழுந்தாரு.”

மூன்றாம் முறை கேட்டேன். சொற்களுக்குப் பின்னால், சீராக, தணியாமல், ஓர் எந்திரத்தின் இரைச்சல் இருந்தது. முதல்முறையும் அது இருந்திருக்கிறது. நான் சொற்களை மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ஒலக்கூர்க்காரரின் எண்ணை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. நடத்துநரை அழைத்துச் சொன்னேன். அவர் உடனே இணைப்பைத் துண்டித்தார். அவசர ஊர்தியை வரவழைத்தவர் அவரே. ஆனால் எந்த நிலம், எந்தப் பாதை என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. முந்தைய ஆண்டு ஒலக்கூர்க்காரர் மகளின் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழை நடத்துநரின் கடையில்தான் அச்சிட்டார்கள். அதில் மனைவியின் எண் இருந்தது. நடத்துநர் அதைத் தேடி எனக்கு அனுப்பி, தாம் ஊர்தியோடு பேசிக்கொண்டிருப்பதால் என்னை அழைக்கச் சொன்னார்.

ஒலக்கூர்க்காரரின் மனைவி எடுத்தார். “தங்கள் கணவர் தெளிப்பு நஞ்சால் தாக்குண்டிருக்கக் கூடுமென ஐயுறுகிறேன்” என்றேன். பதற்றத்தில் என் வாய்க்கு வந்த தமிழ் அதுதான்.

“எந்த ஆபீசுங்க?” என்று கேட்டார் அவர். “எனக்கு ஒண்ணும் புரியலிங்களே.”

மீண்டும் சொல்ல முயன்றேன். என் வீட்டு வேலைக்கார அம்மையார் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“யம்மா, ஒங்க வூட்டுக்காரருக்கு மருந்து ஏறிக்கிச்சி. கொல்லிக்கி ஓடு. சட்டையக் கழட்டிட்டு ஒடம்பு பூரா தண்ணிய ஊத்து. ஜல்தி.”

மறுமுனையில் ஓர் அலறல். பின்பு ஓடும் காலடியோசை. நான் திருத்திய அதே சொற்றொடர் ஐந்து நொடியில் ஒரு பெண்ணை நிலத்துக்கு ஓடச்செய்தது.

தெளிப்பான் முதுகில் இருந்தபடியே வரப்பில் கவிழ்ந்து கிடந்தாராம். கொள்கலத்தின் மூடி இறுகாமல் கசிந்து, சட்டை முழுதும் நனைந்திருந்ததாம். பூச்சி மிகுதியென்று இரண்டு நஞ்சுகளை ஒன்றாகக் கலந்து, முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டாமல், விடியற்காலை முதல் தெளித்திருக்கிறார். திண்டிவனத்தில் முதல் சிகிச்சை செய்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். நானும் நடத்துநரும் பேருந்தில் சென்றோம். மருந்துக்கடைக்காரர் எங்களுக்கு முன்பே மருத்துவமனை வாயிலில் நின்றிருந்தார். “பொழுதன்னிக்கும் மருந்துலயே கெடக்கறவன் நானு,” என்றார். “சிரிச்ச பொம்மய அனுப்பிக்கினு ஒக்காந்துட்டேங்க.”

அதைவிடக் கொடியது ஒன்று உள்ளே காத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே ஒலக்கூர்க்காரரின் மைத்துனர் அவருடைய கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய் மாலைச் செய்தியை அவர் உரக்கப் படித்தார். மூன்று மருந்து குடித்துவிட்டேன். நாளைக்கு நான்காவதும் குடிக்கப் போகிறேன். உறவினர் எல்லாரும் மனைவியைத் திரும்பிப் பார்த்தனர். வழக்கமான விசாரணைக்கு வந்திருந்த காவலர், “அடிச்சாரா, குடிச்சாரா? நெசத்தச் சொல்லும்மா” என்று கேட்டார். வீட்டில் என்ன குறை, என்ன சண்டை என்று மாமியார் வீட்டார் ஆளுக்கொன்றாகக் கேட்கத் தொடங்கினர். உள்ளே கணவர் செயற்கை மூச்சில் கிடக்க, வெளியே அவர் தாம் செய்யாத குற்றத்துக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். முந்தைய இரவு உணவின்போது தாம் ஏதேனும் கடிந்து பேசினோமா என்று, எங்கள் எதிரிலேயே, தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

நான் முன்சென்று, அது ஆட்டம் என்றேன். நம்ப மறுத்தனர். கைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். ‘மருந்து: குப்பியில் அடைத்த ஆற்றல் நீர்மம்’ என்று என் கையெழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். படைஞரையும் கலவையாளரையும் விளக்கினேன். அந்த இடத்தில் நின்று அவற்றைச் சொல்ல எனக்கு நா கூசியது. காவலர் குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடத்துநர் தம் கைப்பேசியில் முந்தைய உரையாடல்களையெல்லாம் காட்டினார். மெல்ல மெல்ல அவர்களுக்குப் புரிந்தது. உறவினர் ஒவ்வொருவராக விலகிப் போயினர்.

மனைவி மட்டும் நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“படிச்சவரு நீங்க. வெளாட்டுக்கு வேற பேரே கெடைக்கலிங்களா உங்களுக்கு?”

காவலரிடமிருந்து குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒலக்கூர்க்காரர் ஊர் திரும்பினார். உயிர் மிஞ்சியது, கால்கள் முழுமையாக மிஞ்சவில்லை. பாதங்களில் உணர்ச்சி குன்றி, கோலூன்றித்தான் நடக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொற்களையெல்லாம் தேர்ந்து அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதற்கு இடமே தரவில்லை. எங்களுக்கு ஏன் செய்தி அனுப்பினார் என்று மட்டும் கேட்டேன்.

“பார்வ பூட்ச்சிங்க ஐயா. அவளுக்குத்தான் போடலாம்னு தேடனேன். நம்ம குரூப்புதான் மேல இருந்திருக்கு. அமுக்கனது அங்க போய்க்கிச்சி.” கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொடர்ந்தார். “அப்பறம் டிங்கு, டிங்குன்னு மூணு தபா சத்தம் வந்திச்சி. சரி, யாரோ கெளம்பிட்டாங்கன்னு நெனச்சிக்கினு படுத்துட்டேன்.”

அந்த மூன்று ஒலிகளில் ஒன்று என்னுடையது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் பின்னர்ப் படித்திருப்பார். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறன்று மைத்துனர் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். மாடிப்படி ஏற நெடுநேரமாயிற்று. வழக்கு இன்னும் தீரவில்லையே என்று நடத்துநர் மெல்ல நினைவூட்டியபோது, “படைஞர் வேணாங்க. அவரு தாங்கல” என்றார். மருந்துக்கடைக்காரர் வேறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவரும் வென்றதாகச் சொல்லவில்லை.

நான் குறிப்பேட்டைத் திறந்து, ‘மருந்து’ என்பதையும் ‘மருந்தேற்றம்’ என்பதையும் கோடிட்டு அடித்தேன். பக்கத்தில் ‘போஷன்’ என்று எழுதினேன். ஒலக்கூர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

“இது இங்கிலீசுங்களே ஐயா,” என்றார். பல மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் குறும்பைக் கண்டேன். “திருத்தலீங்களா?”

இல்லை என்றேன். அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிச் சேர்த்த ஒரே அயற்சொல் அதுதான். உயிர் போகும் நேரத்தில் எங்கள் பக்கத்து வயல்வெளியில் எவரும் அந்தச் சொல்லைச் சொல்லி உதவி கேட்கமாட்டார் என்பதற்காகவே அதை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.